வந்துவிட்டதாக வந்த செய்தி

சாரல் பிடித்துவிட்டால் உலகம்மைக்குக் கை காய்வதில்லை. காலையில் வருகிற லோடு ஆட்டோ வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் வண்டிப் பாதை கிடையாது. அங்கிருந்து நேந்திரங்காய்த் தார்களை ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கி, வழுக்கும் வரப்பில் கால் விரலை ஊன்றி ஊன்றி நடந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. காயைக் கீறி, தோலை நெம்பி எடுத்து, மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டபடியே இருக்க வேண்டும். குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் நாகராஜன் அண்ணாச்சிக்கு வருஷம் என்பதே சீசன் மூன்று மாதம்தான். அருவியில் தண்ணீர் விழுகிற வரைக்கும் அவர் கடையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. உலகம்மையின் விரல்களில் வாழைக்கறை ஏறி நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கிடக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் ஆவணி பிறந்துதான் அந்தக் கறுப்பு விடும்.

மேலகரத்துக்கு மேற்கே, வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் அந்த ஒரு வீடுதான். புருஷன் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. எதிரே மலை உண்டு. சாரல் நாளில் மேகம் இறங்கி அதையும் மறைத்துவிடும்.

அன்றைக்கு நாலாவது தாரை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகளாக இருக்கும் என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தாள். புதுக் குரல்.

“உலகம்மைங்கிறது நீங்கதானாம்மா?”

“ஆமா. யாரு?”

“எம் பேரு நூர்நிஷா. தென்காசியில காலேஜ்ல வேல பாக்கேன். அவசரம்னு போன் பண்ணுனவங்க வீட்டுக்குப் போலீஸ் எவ்வளவு நேரத்துல போய்ச் சேருதுன்னு கணக்கெடுக்கோம். போன மாசம் நீங்க நூறுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. ஒம்பது நிமிஷத்துல வண்டி வந்துட்டுன்னு பதிவாகியிருக்கு. அது சரிதானாம்மா?”

‘அம்மா, லைன்ல இருக்கீங்களா’ என்று அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டாள். உலகம்மை ஈர விரலால் பட்டனை அழுத்திப் போனை அணைத்துவிட்டு, திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். காய் கையில் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது.

மங்களேஸ்வரி அவளுக்கு ஒரே மகள். செங்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் விஜய்பாண்டி கேரளாவுக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மங்களேஸ்வரி துணிப்பையும் கையுமாக வரப்பில் நடந்து வந்தாள். இடது காது வீங்கிப் போயிருந்தது. “இந்தப் பக்கம் கேக்க மாட்டேங்கும்மா” என்று மட்டும் சொன்னாள். உலகம்மை வேறெதுவும் கேட்கவில்லை. உளுந்தஞ்சோறு ஆக்கி எள்ளுத் துவையல் அரைத்துப் போட்டாள்.

மகள் இருந்த அந்த நாள்களில் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. இரண்டு பேருமாக உட்கார்ந்து உரித்தால் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். “அண்ணாச்சிட்ட கூடக் கொஞ்சம் தாரு அனுப்பச் சொல்லும்மா. நான் இங்கனயே இருந்து இதப் பாத்துக்கிடுதேன்” என்று மங்களேஸ்வரி சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். “இரேன், யாரு போகச் சொன்னா?” என்றாள் உலகம்மை.

அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேனைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்தான். தாயும் மகளும் கதவை அடைத்துக்கொண்டார்கள். அவன் சத்தம் போடவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, “மங்களம், வா போவோம்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான். பிறகு எழுந்து போய், வீட்டை ஒட்டி வரிசையாக நின்ற கதலி வாழைகளில் கடைசி மரத்தை அரிவாளால் வெட்டினான். ஒரே வெட்டு. மரம் சாய்ந்ததும் திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்து, “வா போவோம்” என்றான். அப்புறம் அடுத்த மரம். ஒவ்வொரு மரமாக வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

உலகம்மை நூறுக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்து, எந்த மாவட்டம், எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டாள்.

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? மேலகரத்துக்கு மேக்க. வாய்க்காலத் தாண்டி.”

“பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது இருக்காம்மா?”

“ஒண்ணும் இல்லம்மா. இந்த ஒரு வீடுதான்.”

“சரி, பயப்படாதீங்க. வண்டி கெளம்பிட்டு.”

வண்டி கிளம்பிவிட்டதாகப் போனுக்கு ஒரு செய்தியும் வந்தது. மங்களேஸ்வரிதான் படித்துச் சொன்னாள். இரண்டு பேரும் சுவரில் முதுகைச் சாய்த்துக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இன்னொரு மரம் விழுந்தது. மறுபடியும் போன் சிணுங்கியது. மங்களேஸ்வரி எடுத்துப் பார்த்தாள்.

“எம்மா, போலீஸ் வந்துட்டாவளாம்.”

உலகம்மைக்கு உயிர் வந்தது போலிருந்தது. மகள் எழுந்து போய் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பாலத்தில் அவனுடைய வேன் மட்டும் நின்றது. வரப்பில் ஆள் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பி வந்து செய்தியை இன்னொரு தரம் படித்தாள்.

“வந்து சேந்தாச்சுன்னுதாம்மா போட்டிருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பை உலகம்மை மகளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது வாசலை ஒட்டி நின்ற மரம் சாய்ந்து, அதன் இலை கதவில் அடித்தது. மங்களேஸ்வரி பையை எடுத்துக்கொண்டாள். உலகம்மை மகளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். மகள் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். “விடும்மா. நீ அங்க வராத. நானே போன் பண்ணுதேன்” என்று தாழ்ப்பாளை நீக்கினாள். அவன் அரிவாளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வாரோம் அத்தே” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

அவள் போன் பண்ணவே இல்லை. உலகம்மை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

நூர்நிஷா பேசிய மறுநாள் காலையில் ஏட்டு குத்தாலிங்கம் வந்தார். அன்றைக்கு மகளோடு வேன் போய் வெகுநேரம் கழித்து, முழங்கால்வரை சகதியாக வந்து நின்றவர் அவர்தான். பாலத்துப் பக்கம் வந்ததும் போன் பண்ணி வழி கேட்டு வந்தார். வெட்டிக் கிடந்த மரங்களைப் பார்த்தார். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “புருஷன்கூடத்தான போயிருக்கு? பெறவு என்னக்கா” என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது சாதாரணச் சட்டையில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உரித்த தோல்களை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, யாரும் ஒங்களக் கூப்பிட்டாவளா? நேரம் கேட்டு?”

“கூப்பிட்டாவ.”

“என்ன சொன்னிய?”

“ஒண்ணும் சொல்லல. வச்சுட்டேன்.”

அவருக்கு மூச்சு வந்தது. “மறுபடி கேட்டா, ஒம்பதோ பத்தோ, சீக்கிரம் வந்துட்டாவன்னு சொல்லிருங்கக்கா. ஒங்களுக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழம. மெயினருவியில இருந்து வண்டி வரிசையா நிக்கு. எங்ககிட்ட இருக்கிறது ஒத்த வண்டி. ஒரு பக்கம் பிள்ளயக் காணும்னு ஒரு குடும்பம், இன்னொரு பக்கம் குடிச்சுட்டு அடிதடி. நீங்க கூப்பிட்டப்பம் நான் அந்த நெருக்கடியில ஒரு அடி நவர முடியாம நிக்கேன். கடசியில வண்டிய விட்டுட்டு நடந்துல்லா வந்தேன்.”

“நடந்து வந்தத நானும் பாத்தேன் ஏட்டையா. அது இருக்கட்டும். வந்துட்டோம்னு செய்தி அனுப்புனது யாரு?”

குத்தாலிங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன செய்தி?”

“போலீஸ் வந்து சேந்தாச்சுன்னு. என் போனுக்கு வந்துச்சே. அப்பம் எம் மவ வீட்டுக்குள்ளதான் இருந்தா.”

“ஒங்க போனுக்கா?”

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தண்ணீரில் கிடந்த காய்களைப் பார்த்தார்.

“வண்டியில பெரிய போன் மாதிரி ஒரு டேப் இருக்குக்கா. எடத்துக்கு வந்ததும் அதுல ஒரு பட்டன அமுக்கணும். லேட்டாச்சுன்னா சிவப்பாக் காட்டும். வாராவாரம் மீட்டிங்குல யாரு பேருல எத்தன சிவப்புன்னு கேப்பாவ. அதனால வழியிலயே அமுக்கிருவோம். எல்லாரும் அப்பிடித்தான். ஆபீசுக்கு மட்டுந்தான் போவும்னு நெனச்சேன். கூப்பிட்டவங்களுக்கும் போவும்னு எனக்குத் தெரியாது.” கடைசி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. “சத்தியமாத் தெரியாதுக்கா.”

உலகம்மைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்.

“ஒம்பது நிமிஷத்துல நீங்க வந்திருந்தா, எம் மவ அப்பம் இங்கனதான இருந்தா. நான் ஒம்பதுன்னு சொன்னா என்ன ஆவும்? நீங்க நிக்கும்போதே, ஒங்க கண்ணு முன்னாலயே, அவ விரும்பிப் போனான்னு ஆவும்லா? அத எப்பிடி ஏட்டையா நான் சொல்லுவேன்?”

உலகம்மை எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பாலத்தைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நூர்நிஷா இரண்டு நாள் கழித்து நேரிலேயே வந்தாள். ஸ்கூட்டரைப் பாலத்தில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு குடையோடு வரப்பில் தடுமாறித் தடுமாறி வருவதை உலகம்மை வாசலில் நின்று பார்த்தாள். முப்பது வயதிருக்கும். வந்ததும் கால் கழுவத் தண்ணீர் கேட்டாள். போனை வைத்துவிட்டதற்காக உலகம்மை வருத்தம் சொன்னாள். “அதுக்கென்னம்மா, யாரோ எவரோன்னு இருந்திருக்கும்” என்றாள் அந்தப் பெண்.

“அன்னைக்குப் போலீஸ் எத்தன நிமிஷத்துல வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“நான் கடிகாரத்தப் பாக்கலயேம்மா.”

“போனைக் காட்டுறீங்களா?”

பட்டன் போன். உலகம்மைக்கு வருகிற அழைப்புகள் குறைவு என்பதால் ஒரு மாதத்துக்கு முந்தையதுகூட அழியாமல் இருந்தது. நூர்நிஷா முதலில் அந்த இரண்டு செய்திகளையும் பார்த்தாள். பிறகு ஏட்டு பாலத்தில் நின்று வழி கேட்ட அழைப்பைப் பார்த்தாள். மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, “வந்துட்டாங்கன்னு செய்தி வந்ததுக்கும், அவங்க நெசமா வந்ததுக்கும் நடுவுல முப்பத்திநாலு நிமிஷம் இருக்கும்மா” என்றாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் உலகம்மை. ஒரு பகல் முழுக்கக் காத்திருந்ததாக அவளுக்கு நினைப்பு.

“அந்த நேரத்துல என்னம்மா நடந்துச்சு?”

அப்படி ஒரு கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. உலகம்மை சொல்ல ஆரம்பித்தாள். கல்லில் உட்கார்ந்து அவன் கூப்பிட்டதை, மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்ததை, மகள் ஜன்னலில் நின்று பார்த்ததை, சிரித்ததை. சொல்லிக்கொண்டே வந்தவள் வாசல் மரம் சாய்ந்த இடத்தில் நின்றுவிட்டாள். இந்த ஒரு மாதமும், என்ன இருந்தாலும் புருஷன்தான் பெரிசு என்று மகள் போய்விட்டதாக ஒரு நினைப்பு அவளுக்குள் கிடந்து அறுத்தது. அந்த ஏட்டு அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார். அவளும் அதைப் பாதி நம்பிவிட்டாள். இப்போது வாய்விட்டுச் சொல்லும்போது, மரங்கள் தீர்ந்துவிட்டன, அடுத்த வெட்டு எங்கே விழும் என்று மகள் பார்த்திருக்கிறாள், அதற்காகத்தான் தன் சேலையை விடுவித்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தது.

நூர்நிஷா குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“இத நீங்க எழுதிக் குடுத்தா எம் மவ வந்துருவாளா?”

“இல்லம்மா.” அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. “எத்தன நிமிஷம்னு மட்டுந்தான் நாங்க எழுத முடியும். பெறகு வர்ற ஆளுகளுக்காவது சீக்கிரம் வருவாங்களான்னு பாக்கத்தான் இந்தக் கணக்கு.” கொஞ்சம் பொறுத்து, “நீங்க போய்ப் பாத்தீங்களாம்மா அவங்கள?” என்று கேட்டாள்.

“வராதன்னு சொன்னா.”

“சரி” என்றாள் நூர்நிஷா. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தச் ‘சரி’ அன்றைக்கு முழுவதும் உலகம்மையின் காதில் கிடந்தது.

அடுத்த வாரம் அண்ணாச்சியிடம் ஒரு நாள் தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உலகம்மை புறப்பட்டாள். செவ்வாய்க்கிழமை மருமகன் லோடு ஏற்றிக் கொல்லம் பக்கம் போவான், திரும்ப ராத்திரியாகும் என்று அவளுக்குத் தெரியும். குற்றாலம் போய் அங்கிருந்து செங்கோட்டை பஸ் பிடித்தாள். பஸ் கூட்டத்தில் ஊர்ந்தது. அருவிக்குத் திரும்பும் இடத்தில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். குத்தாலிங்கம். ரோந்து வண்டியில் இருந்து இறக்கி இங்கே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. உலகம்மை ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னார்.

மர அறுவை மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள். அதில் கடைசி வீடு. பக்கத்து வீட்டில் கேரளத்துப் புனலூர்க்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, “மங்களத்தோட அம்மையா? பின்னால உண்டு, போங்கோ” என்றாள்.

மங்களேஸ்வரி குழாயடியில் வாளியில் துணி ஊற வைத்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அம்மா வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. உலகம்மை வலது பக்கமாகச் சுற்றிப் போய் நின்றாள்.

“ஏட்டி மங்களம்.”

மகள் பார்த்தாள். முகத்தில் முதலில் பயந்தான் வந்தது.

“எதுக்கும்மா வந்தே? வராதன்னுதான சொன்னேன்.”

“அவன் இல்லன்னு தெரிஞ்சுதான் வந்தேன்.”

“பக்கத்து வீட்டு சேச்சி சொல்லிரும். நீ போம்மா.”

“போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்.” உலகம்மைக்கு மூச்சு வாங்கியது. “அன்னைக்குப் போலீஸ் வந்தாவட்டி.”

மங்களேஸ்வரி துணியைப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“யாரு?”

“ஒரு ஏட்டு. நீ போன பெறவு வந்தாரு. வண்டி கூட்டத்துல மாட்டிக்கிட்டுன்னு நடந்தே வந்தாரு. முழங்கால் வரைக்கும் சகதி. வாரதுக்கு முன்னாலயே அந்த மனுசன் பட்டன அமுக்கிட்டாரு. அதான் அப்பிடி ஒரு செய்தி வந்துச்சு.”

“நெசமா வந்தாவளா?”

“வந்தாவ.”

மங்களேஸ்வரி வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “யாருமே வரலன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருக்கேன். வந்துட்டோம்னு சொல்லியும் வரலயே, இனிமே நமக்கு எவன் வருவான்னுதாம்மா கதவத் தொறந்தேன். இங்க வந்த பெறவும் எத்தனையோ தடவ போன எடுத்துட்டு, அத நெனச்சுக் கீழ வச்சிருக்கேன்.” பிறகு, “எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாவ?” என்று கேட்டாள்.

“ஒரு அரை மணி நேரம்.”

“அரை மணி நேரமா?”

“ஆமா.”

“இருந்திருக்கலாமேம்மா” என்றாள் மங்களேஸ்வரி. “அரை மணி நேரம் இருந்திருக்கலாமே நாம.”

மில்லில் மரம் அறுபடும் சத்தம் கேட்டது. தூற்றல் விழ ஆரம்பித்தது. ‘போம்மா’ என்று மகள் மறுபடியும் சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு, உலகம்மை கூரை இறவாரத்தில் ஒதுங்கி நின்றாள்.

மங்களேஸ்வரி வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு வாளிக்குள் கையை விட்டு ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்தாள். தன்னுடைய சேலை இரண்டு, பாவாடை, ஜாக்கெட்டுகள், ஒரு துண்டு. அவற்றை மட்டும் அலசி முறுக்கிப் பிழிந்தாள். அவனுடைய சட்டைகளும் வேட்டியும் நுரைக்குள்ளேயே கிடந்தன. வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து ஈரத்துணிகளை அதற்குள் திணித்தாள். கதவைச் சாத்திச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். சேச்சி எதுவும் கேட்கவில்லை. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “மழ வருது, வேகம் போ” என்றாள்.

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்கள். பையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. பாதி வழியில் மங்களேஸ்வரி, “ராத்திரி வந்து பாப்பான். நாளைக்கே அங்க வந்துருவாம்மா” என்றாள்.

“வருவான்.”

“திரும்பவும் போன் பண்ணணும்.”

“பண்ணுவோம்.”

“லேட்டாத்தான் வருவாவ.”

“ஆனா வருவாவட்டி” என்றாள் உலகம்மை. அவளுக்கும் அது அவ்வளவு உறுதியாகத் தெரியாது.

கொஞ்ச தூரம் போய் ஒரு இரும்புக் கடை முன்னால் நின்றாள். கடைக்காரர் கல்லாவில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, கதவுக்குத் தாழ்ப்பா வேணும்.”

“உள் தாழ்ப்பாளா, வெளித் தாழ்ப்பாளா?”

“உள்ள போடுறது. நல்ல கனமா.”

அவர் மூன்று நான்கை எடுத்து மேசையில் வைத்தார். உலகம்மை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். மங்களேஸ்வரி பக்கத்தில் ஈரப்பையோடு நின்றாள்.

“எது வேணும்மா? எல்லாமே நல்ல சரக்குதான். ஆயுசுக்கும் கெடக்கும்.”

“ஆயுசுக்கெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் உலகம்மை. “வெளியில இருந்து ஒருத்தன் இடிச்சா அரை மணி நேரம் தாங்கணும். அதுல எது தாங்கும்னு பாத்துச் சொல்லுங்க.”